சரிபார்த்தவர்

ஜூன் 2, ஞாயிறு

காலில் மாவுக்கட்டுப் போட்டு ஐந்து நாள் ஆகிறது. டாக்டர் ஆறு வாரம் என்கிறார். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக டைரி எழுதுகிறேன். மனைவி தேன்மொழி வாங்கி வந்து கையில் திணித்தாள். அவள் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர்.

"கட்டுப் போட்ட மாடுகூட இத்தன கத்தாதுங்க. தோணறதையெல்லாம் இதுல எழுதுங்க. சாயங்காலம் வந்து படிச்சுக்கறேன்" என்றாள்.

படிக்கமாட்டாள். என் வாயை அடைக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

சரி, எழுதுகிறேன். பெயர் குழந்தைவேல். உடுமலைப் பக்கம் காத்தாடி வேலை. காற்றாலை என்று பேப்பரில் போடுவார்கள், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. எண்பது மீட்டர் கோபுரம், உள்ளே செங்குத்தாக ஏணி. பதினெட்டு வருடமாக ஏறுகிறேன். ஏறுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் வந்து ஏறிப் பார்க்கட்டும்.

மேல் மேடையிலிருந்து உச்சிக்குக் கடைசியாக ஒரு குட்டி ஏணி, இருபது படி. இடுப்பு பெல்ட்டில் இரண்டு கொக்கி இருக்கும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது படியில் மாட்டியிருக்க வேண்டும். கூட வந்தவர் கீழே நின்று பார்த்து, "சரி" சொல்லி, தாளில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குக் கூட வந்தவன் நாச்சிமுத்து. பன்னிரண்டாவது படியில் எனக்குக் கால் வழுக்கியது. மேடையில் வந்து விழுந்தேன். கொக்கி எப்படிக் கழன்றது என்று தெரியவில்லை. "டக்குனு மாட்டுன சத்தங் கேட்டுதுங்" என்று நாச்சிமுத்து ஆபீசரிடம் சொல்லியிருக்கிறான். கேட்டிருக்கும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "யானைக்கும் அடி சறுக்கும்" என்கிறார்கள். இதுவரை பதினோரு பேர். ஒருவராவது வேறு பழமொழி கொண்டுவரக் கூடாதா?

ஜூன் 5, புதன்

மேற்கிலிருந்து நல்ல காற்று. எல்லாக் காத்தாடியும் சுற்றும். நான் சுற்றவில்லை.

ஜூன் 8, சனி

அடுத்த வீட்டு சிந்துஜா வந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். "ஏனுங்ணா, உங்கூட்டுப் பெரிய மேசை ஞாயித்துக்கெழம மத்தியானம் சும்மாதான கெடக்குது? எங்கூட்ல வெள்ளையடிக்கறாங்க. நாங்க மூணு பேரு உக்காந்து ஒரு வெளையாட்டு வெளையாடணும்" என்றாள்.

நான் யோசிப்பதற்குள் தேன்மொழி, "தாராளமா வா கண்ணு. இவரையும் சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள். பரணில் கிடக்கும் பழைய பாத்திரத்தைத் தள்ளிவிடுகிற மாதிரி என்னைத் தள்ளிவிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

விளையாட்டு என்றார்களே தவிர, காயும் இல்லை, கட்டமும் இல்லை. சிந்துஜா ஒரு நாட்டையே கற்பனையில் உண்டாக்கி, இருநூறு பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கருமணல் நாடு என்று பெயர். ஆளுக்கு ஒரு பாத்திரம். நடப்பதை அவள் சொல்கிறாள். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்கிறார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்கிறது.

பரமேஸ் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவனுடைய ஆள் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற திருடன். ஷாகிரா பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறார். அவருடைய ஆள் அறுபது வயதுப் போர்க்காரி, பெயர் கொற்றி.

ராஜா ராணி மந்திரவாதி என்று நெருப்பைக் கக்குவார்கள் என நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. அந்த நாட்டில் மந்திரம் ரொம்பக் கம்மி. நூறு பேரில் ஒருவருக்குத்தான் உண்டு, அதுவும் ஆளுக்கு ஒன்றே ஒன்று. கொற்றி எங்கே நின்று கூப்பிட்டாலும் ஆடுகள் வரும். திருடன் தொட்ட பால் ஒரு நாள் முழுக்கத் திரியாது. அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது. கம்மியாக இருந்தால்தான் எதற்கும் மரியாதை.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மூன்று பேரும் ஆட்டு மந்தையோடு ஒரு கணவாயை ஒரு மணி நேரத்தில் கடந்தபோது பொறுக்க முடியவில்லை. "இந்த ஊர்ல காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?" என்று கேட்டேன்.

சிந்துஜா நோட்டைப் புரட்டினாள். "காத்தப் பத்தி நா யோசிக்கவே இல்லீங்ணா."

"காத்து இல்லாம என்னம்மா நாடு? எதிர்க்காத்துல ஆடு ஒரு அடி எடுத்து வெக்காது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிந்துஜா ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். "உங்க ஆள எழுதுங்ணா."

ஜூன் 10, திங்கள்

எழுதிவிட்டேன். பெயர் வெள்ளியன். கோபுர மணிகளுக்கு எண்ணெய் போடுகிறவன். இடுப்பில் இரண்டு கொக்கிக் கயிறு. மந்திரம்: ஒரு மூச்சு நேரம் காற்றை நிறுத்துவான்.

ஆளுக்குப் பத்துப் புள்ளி. ஐந்து குணத்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். வலு 2, ஏறுதல் 5, கண் 2, பேச்சு 1, பொறுமை 1. பத்தையும் கச்சிதமாகப் பங்கிட்டுவிட்டேன்.

தேன்மொழி எட்டிப் பார்த்தாள். "வேற ஆளா மாறலாம்னு ஒரு வெளையாட்டு இருந்தா, அதுலயும் நீங்க நீங்களேதானா?" என்றாள்.

தாளில் கடைசியாக 'குறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஏதாவது ஒரு குணத்துக்கு ஐந்து போட்டால் அதற்கு ஈடாக ஒரு குறை எழுதியே ஆக வேண்டுமாம். ஏறுவதில் வெள்ளியனுக்கு என்ன குறை? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைக்கு மனம் நிறைந்த நாள். வாரம் முழுக்க உட்கார்ந்து கருமணல் நாட்டுக்குக் காற்று வரைபடம் போட்டேன். மேற்கே மலை, நடுவில் கணவாய். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அதன் வழியாகக் காற்று. அந்த ஐந்து மாதத்தில் மந்திரம் கொஞ்சம் கூடுதலாகப் பலிக்கும், மற்ற மாதங்களில் ஏனோதானோ. சிந்துஜா அதைப் பார்த்து அப்படியே நோட்டில் ஒட்டிக்கொண்டாள். "ரெண்டு வருசமா இந்த நாட்டுல என்னமோ கொறையுதுன்னு இருந்துச்சுங்ணா. இதுதான்" என்றாள். பெரிய ஆபீசர் கைகுலுக்கியபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இன்னொன்றும் செய்தேன். எல்லோருடைய தாளிலும் கீழே இரண்டு கோடு போட்டேன்: 'எழுதியவர்', 'சரிபார்த்தவர்'. இரண்டு கையெழுத்து இல்லாத தாள் செல்லாது. எங்கள் வேலையில் அப்படித்தான். பரமேஸ் சிரித்தான். ஷாகிரா சிரிக்கவில்லை. அவன் தாளை வாங்கி ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிப் பார்த்து, ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு என் தாளுக்குக் கையை நீட்டினார்.

"குறைக் கட்டம் காலியா இருக்கே. முடிச்சிட்டுக் குடுங்க, பாக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 19, புதன்

கம்பெனியிலிருந்து போன். கொக்கியைச் சோதனைக்கு அனுப்பினார்களாம். அதில் ஒரு பழுதும் இல்லையாம். அப்படியானால் சரிபார்த்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தமாம். விசாரணை முடியும்வரை நாச்சிமுத்து கோபுரம் ஏறக்கூடாது. ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் நட்டுகளைப் பிரித்துப் போடுகிறானாம். காற்று சீசனில் ஒரு காத்தாடி ஆளை ஸ்டோரில் உட்கார வைப்பது பெரிய தண்டனை.

நான் எதுவும் சொல்லவில்லை. விசாரணை நடக்கும்போது நாம் குறுக்கே பேசக்கூடாது அல்லவா.

இன்று தேன்மொழி அரிசிம்பருப்புச் சோறு செய்தாள். நெய் விட்டும் இறங்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கதை மணிக்கோபுரத்துக்கு வந்து நிற்கிறது. உச்சியில் இருக்கும் மணிக்கு எண்ணெய் போட்டால்தான் அது காற்றில் அசையும். அது ஒலித்தால்தான் கணவாய்க்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஊராருக்கு வழி தெரியும். ஏற வேண்டியது வெள்ளியன்.

"குறை எழுதாத தாளுக்குப் பகடை கெடையாதுங்ணா" என்றாள் சிந்துஜா.

"சும்மா ஏதாச்சும் எழுதுங்களேன், குறட்டை விடுவான்னு" என்றான் பரமேஸ்.

"அதெல்லாம் ஆகாது. குறைன்னா ஒரு தடவையாச்சும் அது அவனக் கவுக்கணும். இல்லாட்டி அது குறையே இல்ல" என்று சிந்துஜா விடவில்லை.

இன்றைக்குக் காற்று சரியில்லை, வெள்ளியன் அடிவாரத்தில் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். காற்று வரைபடம் போட்டது நான்தானே, யாரும் மறுக்க முடியவில்லை. ஷாகிரா மட்டும் பாஸாகாத மாணவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஜூன் 30, ஞாயிறு

நாச்சிமுத்து வந்தான், ஒரு பை நிறைய மாம்பழத்தோடு. விழுந்த பிறகு இப்போதுதான் முதல் தடவையாக வருகிறான். மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். தயங்கித் தயங்கி ஓரமாக உட்கார்ந்தான். இளைத்திருந்தான்.

"தெனமும் வரோணும்னு நெனப்பனுங்ணா. மொகத்துல முழிக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

"உனக்கென்னப்பா கூச்சம்?"

"நாந்தானுங்க நின்னேன். சத்தங் கேட்டுச்சு, சரின்னு சொல்லிப்போட்டேன். நிமுந்து பாத்தனா இல்லியான்னு நெனப்பே வர மாட்டேங்குதுங். பாக்காமத்தான் இருந்திருப்பேன். பாத்திருந்தா உங்களுக்கு இப்படி ஆயிருக்குமா?"

யானைக்கும் அடி சறுக்கும் என்றேன்.

சிந்துஜா நல்ல பெண். பேச்சை மாற்றுவதற்காக அவனுக்கும் ஒரு தாள் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் அவன் ஓர் ஆள் செய்தான். பெயர் மாரன், கழுதை ஓட்டுகிறவன். மந்திரம்: கழுதைக்கு எது வலிக்கிறது என்று தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் சிரித்தான். அப்போது பரமேஸ் தன் புதுத் தாளை நீட்டி, "நீங்க காத்தாடி ஆளாச்சே, சரிபாத்து ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான்.

நாச்சிமுத்து பேனாவை வாங்கினான். தாளைப் படித்தான். பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"வேண்டாமுங்க. என்ற கையெழுத்துக்கு இப்ப மதிப்பில்ல. வேற ஆரயாச்சும் போடச் சொல்லுங்க."

மாம்பழம் நன்றாக இருந்தது என்று தேன்மொழி சொன்னாள். நான் சாப்பிடவில்லை.

ஜூலை 1, திங்கள்

கால் வலிக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் 'கேட்டிருக்கும்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு இருக்கிறது. நான் பென்சில் வைத்துக்கொள்வதில்லை.

தேன்மொழி காபி கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "தோட்டத்துச் செம்பருத்தில பூச்சி விழுந்திருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள். இருபது வருடம் கூட இருந்தவள் கேட்காமல் இருப்பதைப் போல ஒரு தொல்லை கிடையாது.

ஜூலை 4, வியாழன்

நாச்சிமுத்துவுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முன்னாலேயே வரச் சொன்னேன். எதற்கு என்றான். என் தாளைச் சரிபார்க்க வேண்டும் என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

குறைக் கட்டத்தில் எழுதியது இதுதான்:

'கடைசி ஏணியில் கொக்கியை மாட்டமாட்டான். மாட்டினால் நேரமாகும், தன்னைப் போல ஏறுகிறவனுக்கு அது தேவையில்லை என்று நினைப்பு. கீழே நிற்பவனுக்காகக் கொக்கியைப் படியில் தட்டிச் சத்தம் மட்டும் எழுப்புவான். விழுந்த பிறகும் சொல்லமாட்டான்.'

எழுதுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலு வாரத்துக்கு முன்னால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நாச்சிமுத்து தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தான். குறைக் கட்டத்தில் விரல் நின்றது. மறுபடி படித்தான்.

"எத்தன வருசமா?"

"எட்டு இருக்கும்."

"நா உங்ககூட ஏறறது ஆறு வருசமுங்க."

"ஆமா."

"அத்தன தடவையும் நா சத்தத்தப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டனா?"

"உன் தப்பு இல்ல நாச்சி. நல்லாக் கேக்கற மாதிரித்தான் தட்டுவேன்."

அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டுப் போட்ட காலோடு பின்னால் ஓடவும் முடியாது. தேன்மொழி ஒரு டம்ளர் மோரோடு வெளியே போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவன் உட்காரவில்லை.

"ஒரு மாசமா நா தூங்குலீங்ணா. ஊட்ல புள்ளைகிட்டக்கூடப் பேசப் புடிக்கல. என்னால ஒரு மனுசன் செத்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"தப்புத்தான். மன்னிச்சுக்கோ."

"இதக் கம்பெனிக்கு எழுதிக் குடுங்க. அப்புறம் உங்க தாள நா பாக்கறேன்."

போய்விட்டான். மூன்று மணிக்கு வந்தவர்களிடம் இன்று ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சிந்துஜா மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். படித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். "அடுத்த வாரம் வரோம்ணா" என்றாள், எப்போதும் போல.

ஜூலை 9, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். கால் பனங்கிழங்கு மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கிறது.

வரும் வழியில் கம்பெனி ஆபீசில் இறங்கி, ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் இரண்டு முறை படித்தார். பதினெட்டு வருட ஆளிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்றார். நானும்தான் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டோவில் தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "படிக்க மாட்டேன்னு நெனச்சீங்களாக்கும்?" என்றாள்.

"எழுத்து புரியாதுன்னு நெனச்சேன்."

"எழுத்து புரியலதான். மனுசன் புரியுது."

ஜூலை 18, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. நாச்சிமுத்துமேல் தவறில்லை, திங்கட்கிழமையிலிருந்து அவன் கோபுரத்துக்குப் போகலாம். எனக்கு ஒரு வருடம் ஏற அனுமதி இல்லை. கீழே இருந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் பெல்ட் பயிற்சி கொடுக்க வேண்டும். கள்ளனைக் காவலுக்கு வைத்த மாதிரிதான். ஆனால் கள்ளனுக்குத்தானே வழி தெரியும்.

வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். தேன்மொழி படிப்பாள், அதனால் உண்மையை எழுதுகிறேன்: கொஞ்சம் வருத்தம். ஆனால் இன்று மூன்று இட்லிக்கு மேல் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கிவிடுவேன் போலிருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

நாச்சிமுத்து ஏறுகிற நாள். மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல காற்று.

ஜூலை 28, ஞாயிறு

சிந்துஜா வீட்டில் வெள்ளையடித்து முடித்து மூன்று வாரம் ஆகிவிட்டதாம். இருந்தும் இங்கேயேதான் வருகிறார்கள். இன்று அரிசி முறுக்கு கொண்டுவந்தாள்.

நாலு மணிக்கு நாச்சிமுத்து வந்தான். வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெயிலில் கறுத்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தான். நேராக மேசைக்கு வந்து, "உங்க தாளக் குடுங்ணா" என்றான்.

கொடுத்தேன். கோபுரத்தில் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தான். விரல் எண்களுக்கு வந்ததும் நின்றது. உதட்டை அசைத்துக் கூட்டினான்.

"பதினொண்ணு வருதுங்க. பத்துத்தான?"

ஷாகிரா எட்டிப் பார்த்துக் கூட்டினார். "ஆமா. பதினொன்னு."

எனக்கு முகம் சுட்டது. இதை வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் இப்போது நான் சத்தியம் செய்தால் எவன் நம்புவான்? பேனாவை எடுத்து, ஏறுதலில் இருந்த ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினேன்.

"நாலுன்னா குறை எழுத வேண்டியதில்லீங்ணா. சட்டப்படி அந்தக் கட்டத்த அழிச்சுடலாம்" என்றாள் சிந்துஜா. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்.

நான் நாச்சிமுத்துவைப் பார்த்தேன்.

"அது இருக்கட்டுங்" என்றான் அவன். அடித்து எழுதிய இடத்தில் ஒரு சிறு கையெழுத்து, கீழே 'சரிபார்த்தவர்' கோட்டின்மேல் ஒரு முழுக் கையெழுத்து. ந-வின் வால் நீளமாக வளையும் அந்தப் பழைய கையெழுத்து. எனக்குக் கண் கலங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஐந்து வாரமாக அடிவாரத்தில் நின்ற வெள்ளியன் இன்று ஏறத் தயாரானான். மாரன் கழுதையைக் கட்டிவிட்டுக் கீழே நின்றான். சிந்துஜா பகடையை என் கையில் கொடுத்தாள்.

"வெள்ளியன் முதல் படியில் கால் வைக்கிறான். கொக்கியை மாட்டுகிறான். டக்" என்றேன்.

"நில்லுங்ணா" என்றான் நாச்சிமுத்து. இப்போதுதான் அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "சத்தமெல்லாம் வேண்டாம். கொக்கியக் காட்டுங்க."

ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்து, மேசை விளிம்பில் மாட்டிக் காட்டினேன்.